தப்பான ஆஃப்செட்டுக்கு முப்பது வருஷமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 31. சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். ஆறு வருஷமாகச் சிங்கப்பூரில், எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருக்கிறேன். துவாஸில் ஒரு மெஷினிங் கம்பெனியில் சிஎன்சி வேலை, அதாவது எண் கொடுத்தால் தானே உலோகத்தைச் செதுக்கும் மெஷினில். நாங்கள் செய்யும் பாகங்கள் இன்னொரு பெரிய கம்பெனி வழியாக அமெரிக்க ராணுவ விமானங்களுக்குப் போகின்றன என்று சொல்வார்கள். போன மாதம் இரவு ஷிப்டில் வெட்டும் கருவியின் நிலையைத் திருத்தும் ஆஃப்செட் எண்ணை 0.05 என்று போடுவதற்குப் பதிலாக 0.5 என்று அடித்துவிட்டேன். காலையில் பார்த்தால் பதினெட்டு பீஸ் ஸ்கிராப். மேனேஜர் எல்லோர் முன்னாலும், "இது சபோட்டாஜ். போலீஸில் சொல்வேன், நஷ்டத்தை உன் சம்பளத்தில் பிடிப்பேன்" என்று கத்தினார். அமெரிக்கச் சட்டப்படி இதற்கு முப்பது வருஷம் ஜெயில் என்று ரூம்மேட் யூடியூபில் காட்டினார். இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை. டிக்கெட் போட்டு ஊருக்குப் போய்விடலாமா? இன்னொரு சின்ன விஷயம். க்யூசியில் (தரச் சோதனைப் பிரிவில்) ஆள் குறைவு என்பதால், உலோகத்தின் கடினத்தை அளக்கும் ஹார்ட்னஸ் டெஸ்ட் ரிப்போர்ட்டில் சில நாள் என்னையே கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். டெஸ்ட் எடுக்க நேரம் இருக்காது. போன பேட்ச் நம்பரையே எழுதிவிடுவேன். இதில் ஒன்றும் இல்லையே?

பதில்: தம்பி, உங்கள் தூக்கத்தைக் கெடுத்த பதினெட்டு பீஸில் உங்கள் மேல் எந்தக் குற்றமும் நிற்காது. கடைசியில் போகிற போக்கில் "சின்ன விஷயம்" என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கவலை அதில்தான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் முப்பது வருஷம்.

ரூம்மேட் காட்டிய எண் சரி. போர்க்காலத்தில் ராணுவத் தளவாடங்களைச் சேதப்படுத்தினாலும், அவற்றை வேண்டுமென்றே குறையோடு தயாரித்துக் கொடுத்தாலும் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் முப்பது வருஷம் வரை சிறை உண்டு. தண்டனைப் பகுதியை மட்டும் படித்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். அதற்கு முந்தைய வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அந்தச் சட்டம் பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1916 ஜூலை 30 அதிகாலையில் நியூயார்க் துறைமுகத்தில், நியூஜெர்சி கரையை ஒட்டிய பிளாக் டாம் என்ற இடத்தில் பெரிய வெடிப்பு நடந்தது. முதல் உலகப் போருக்காக நேச நாடுகளுக்கு அனுப்பக் காத்திருந்த வெடிபொருள்கள் அங்கே இருந்தன. எடை சுமார் இருபது லட்சம் பவுண்டு. எதிரே நின்ற சுதந்திர தேவி சிலையிலும் சேதம். அதன் தீப்பந்தத்துக்கு மக்கள் ஏறிப்போவது அன்றோடு நின்றது, இன்றுவரை திறக்கவில்லை. ஜெர்மானிய உளவாளிகளின் வேலை என்று பிற்பாடு முடிவானது. அப்போது அமெரிக்கா போரிலேயே இல்லை. இப்படி ஒரு காரியத்தைக் கையாளத் தகுந்த கூட்டரசுச் சட்டமும் இல்லை. போரில் இறங்கிய பிறகு, 1918 ஏப்ரல் 20-இல், நாசவேலைச் (சபோட்டாஜ்) சட்டம் வந்தது. ஆனால் அது போர்க்காலத்துக்கு மட்டும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்குவதற்கு ஒரு வருஷம் முன்னால், 1940 நவம்பரில், அமைதிக்காலத்துக்கும் சேர்த்து விரித்தார்கள்.

அதனால்தான் இன்றும் அந்தச் சட்டம் இரட்டை அடுக்காக இருக்கிறது. போர்க்காலத்துக்கும், அறிவிக்கப்பட்ட தேசிய நெருக்கடிக் காலத்துக்கும் ஒரு அடுக்கு. மற்ற எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் "தேசியப் பாதுகாப்பு" அடுக்கு இன்னொன்று. குறையோடு தயாரிப்பதை எடுத்துக்கொண்டால் முதல் அடுக்கில் முப்பது வருஷம், இரண்டாவதில் பத்து. வருஷ வித்தியாசத்தைவிட முக்கியமான வித்தியாசம் மனநிலையில் இருக்கிறது. அமைதிக்காலப் பிரிவு, நாட்டின் பாதுகாப்புக்குக் குந்தகம் செய்யும் உள்நோக்கம் இருந்ததா என்று மட்டும் கேட்கும். போர்க்காலப் பிரிவு ஒரு படி கீழே இறங்கும். உள்நோக்கம் இல்லாவிட்டாலும், "இது போர் முயற்சிக்குக் கேடு செய்யும் என்று நம்பக் காரணம் இருந்ததா" என்பதே அதற்குப் போதும். போர் என்று வந்துவிட்டால் சட்டத்தின் பொறுமை எந்த இடத்தில் குறைகிறது என்பதை இந்த ஒரு வரியில் பார்க்கலாம்.

இரண்டு அடுக்கிலும் மாறாமல் நிற்கிற ஒரு சொல் "வேண்டுமென்றே". விரல் தவறி ஒரு பூஜ்யம் விட்டுப்போனதை எந்தப் பிராசிக்யூட்டரும் அந்தச் சொல்லுக்குள் அடைக்க முடியாது. பதினெட்டு பீஸையும் நல்லது என்று எழுதி நீங்கள் அனுப்பிவைக்கவும் இல்லை. ஸ்கிராப் தொட்டியில் கிடக்கிறது. எந்த விமானத்திலும் ஏறாத பாகம் எந்த நாட்டின் பாதுகாப்பைக் கெடுக்கும்?

உள்நோக்கத்தை எவ்வளவு இறுக்கமாகப் பார்ப்பார்கள் என்பதற்கு ஒரு வழக்கு. 2012 ஜூலையில் டென்னஸியின் ஓக் ரிட்ஜில், அணுகுண்டுக்கான யுரேனியம் வைத்திருக்கும் ஒய்-12 வளாகத்துக்குள் போரை எதிர்க்கும் மூன்று பேர் வேலியை வெட்டி நுழைந்தார்கள். அவர்களில் ஒருவர் 82 வயதுக் கன்னியாஸ்திரி. சுவரில் ரத்தம் ஊற்றினார்கள், வாசகம் எழுதினார்கள், பாட்டுப் பாடினார்கள். ஜூரி அவர்களை நாசவேலைக் குற்றவாளிகள் என்றது. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வேலியை வெட்டியது குற்றம்தான், ஆனால் நாட்டின் தற்காப்புத் திறனில் குறுக்கிடும் உள்நோக்கம் நிரூபிக்கப்படவில்லை என்பது காரணம். வேலி வெட்டி அணு ஆயுத வளாகத்துக்குள் போனவர்களுக்கே அந்தச் சட்டம் பொருந்தவில்லை. நீங்கள் ராத்திரி இரண்டு மணிக்குக் கண் எரிய எரிய பட்டன் அமுக்கியவர்.

எல்லா நீதிமன்றமும் இவ்வளவு தாராளமாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். 1961 டிசம்பரில் இங்கிலாந்தின் வெதர்ஸ்ஃபீல்டு விமானத் தளத்தில் விமானங்களைக் கிளம்பவிடாமல் உட்காரத் திட்டமிட்ட அணு ஆயுத எதிர்ப்பாளர்களுக்குச் சிறை கிடைத்தது. அவர்கள் மேல் வந்தது அரசாங்க ரகசியச் சட்டம். அந்தப் பிரிவின் ஓரக்குறிப்பு "உளவு" என்றுதான் சொல்கிறது, ஆனாலும் நாசவேலைக்கும் அது பொருந்தும் என்று, அந்தக் காலத்தில் அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. "எங்கள் நோக்கம் உலக நன்மை" என்ற வாதம் எடுபடவில்லை. விமானத்தை நிறுத்த நினைத்தீர்களா இல்லையா, அதைச் சொல்லுங்கள் என்று விட்டார்கள். ஏன் செய்தாய் என்பது வேறு, என்ன செய்ய நினைத்தாய் என்பது வேறு. சட்டம் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் கேட்கும். இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஹார்ட்னஸ் ரிப்போர்ட் பற்றிப் பேசும்போது வேண்டியிருக்கும்.

சரி, அமெரிக்கச் சட்டம் துவாஸ் வரைக்கும் கை நீட்டுமா? சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் இடையே குற்றவாளிகளை ஒப்படைக்கும் உடன்பாடு உண்டு, பிரிட்டிஷ் காலத்தில் 1931-இல் போட்டது. இரண்டு நாட்டிலும் குற்றமாக இருப்பதற்குத்தான் அது பயன்படும். தவறுதலாகச் செய்தது இரண்டு இடத்திலும் குற்றமில்லை, ஆகவே அந்தப் பேச்சை இங்கேயே விடலாம்.

இங்குள்ள சட்டத்தில் மேனேஜர் கையில் எடுக்கக்கூடியது தண்டனைச் சட்டத்தின் 425-ஆம் பிரிவு, சேதம் விளைவித்தல். நம் ஊர் வக்கீல்களுக்கு எண் பழக்கமாக இருக்கும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் அதே 425 தான், ஏனென்றால் சிங்கப்பூர்ச் சட்டம் 1871-இல் அதைப் பார்த்து எழுதியது. அதிலும் நஷ்டம் உண்டாக்கும் எண்ணமோ, நஷ்டம் வரும் என்ற அறிவோ இருந்தாக வேண்டும். கவனக்குறைவு போதாது. போலீஸுக்குப் போனாலும் "கம்பெனிக்குள் விசாரித்துக்கொள்ளுங்கள்" என்று திருப்பி அனுப்பத்தான் வாய்ப்பு அதிகம்.

நிஜமான நாசவேலையைப் பார்த்த ஊர் இது. 1965 மார்ச் 10-இல் ஆர்ச்சர்ட் ரோட்டில் மெக்டொனால்ட் ஹவுஸில் குண்டு வைத்தார்கள். மூன்று பேர் செத்தார்கள், முப்பதுக்கு மேற்பட்டோர் காயம். இந்தோனேசியா மலேசியாவை எதிர்த்து நடத்திய மோதலின் நடுவே நடந்தது அது. குண்டு வைத்தவர்கள் இந்தோனேசியப் படையினர் இருவர். கொலைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்று 1968-இல் தூக்கிலிடப்பட்டார்கள். போர்க்கைதிகளாக நடத்த வேண்டும் என்று, அப்போது கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள். சாதாரண உடையில் வந்து பொதுமக்கள் இருக்கும் கட்டடத்தில் குண்டு வைத்தவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று கவுன்சில் சொல்லிவிட்டது. அந்தக் கட்டடம் இன்றும் தோபி காட் எம்ஆர்டி பக்கத்தில் நிற்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா போகிற வழியில் பாருங்கள். சபோட்டாஜ் என்ற சொல்லை மேனேஜர்கள் எவ்வளவு மலிவாக எடுத்து வீசுகிறார்கள் என்று புரியும்.

அந்தச் சொல்லை ஆதாரம் இல்லாமல் வீசினால் என்ன ஆகும் என்பதையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. ஜப்பானியர் காலத்தில், 1943 செப்டம்பர் 26 இரவு, ஆஸ்திரேலியாவிலிருந்து பழைய மீன்பிடிப் படகு ஒன்றில் வந்த நேச நாட்டு வீரர்கள் ஆறு பேர், மூன்று மடக்குப் படகுகளில் துறைமுகத்துக்குள் நுழைந்து கப்பல்களில் காந்தக் குண்டு ஒட்டிவிட்டுத் தப்பிப் போனார்கள். ஜப்பானிய ராணுவப் போலீஸான கெம்பெய்த்தாய்க்கு இது பிடிபடவில்லை. வெளியிலிருந்து யாராவது வந்து செய்திருக்க முடியும் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. சாங்கி சிறையில் அடைபட்டிருந்தவர்கள் ஊருக்குள் ஆள் வைத்துச் செய்த சதி என்று முடிவு கட்டி, அக்டோபர் 10-இல் தொடங்கி 57 பேரைப் பிடித்துப் போய்ச் சித்திரவதை செய்தார்கள். 15 பேர் இறந்தார்கள். அந்த 57 பேரில் ஒருவருக்கும் அந்தக் குண்டுகளோடு சம்பந்தம் இல்லை. போருக்குப் பிறகு 1946-இல் அதே கெம்பெய்த்தாய் ஆட்கள் 21 பேர் இங்கே விசாரணைக் கூண்டில் நின்றார்கள், எட்டுப் பேருக்கு மரண தண்டனை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. செம்பவாங் கடற்படைத் தளத்தில் அந்தக் காலத்தில் தமிழரும் மலையாளிகளும் நிறைய வேலை பார்த்தார்கள். 1942-இல் ஜப்பானியர் நெருங்கியபோது, எதிரி கையில் சிக்கக்கூடாது என்று அந்தத் தளத்தின் மிதக்கும் கப்பல்துறையைப் பிரிட்டிஷ்காரர்களே மூழ்கடித்தார்கள், எண்ணெய்த் தொட்டிகளுக்குத் தீ வைத்தார்கள். அதே தொட்டிக்கு ஒரு தொழிலாளி தீ வைத்திருந்தால் சுட்டிருப்பார்கள். செயல் ஒன்றுதான், உத்தரவு யாருடையது என்பதில் இருக்கிறது பெயர்.

இனி அந்தச் சின்ன விஷயத்துக்கு வருவோம்.

நீங்கள் எடுக்காத டெஸ்டை எடுத்ததாக எழுதி, போன பேட்ச் எண்ணைப் போட்டு, கீழே உங்கள் பெயரைப் போடுகிறீர்கள். இங்கே விரல் தவறவில்லை. தெரிந்துதான் எழுதுகிறீர்கள். அந்தப் பாகம் எங்கே போகிறது என்பதும் தெரியும், கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மேலே சொன்ன "நம்பக் காரணம் இருந்ததா" என்ற வரியை இப்போது ஒருமுறை திரும்பப் படியுங்கள். யார் மேலும் பகை இல்லை, நேரம் இல்லாததால் செய்தேன் என்பீர்கள். அது ஏன் செய்தாய் என்பதற்குப் பதில். என்ன செய்தாய் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

இதற்காக உங்களை நாசவேலைக்காரர் என்று யாரும் சொல்லப் போவதில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டத்தில் 477ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஊழியர் ஒருவர் ஏமாற்றும் எண்ணத்தோடு முதலாளியின் பதிவேட்டிலோ ஆவணத்திலோ பொய்யாக எழுதினால் பத்து வருஷம் வரை சிறை. வாடிக்கையாளரை ஏமாற்றிப் பணம் வாங்க உடந்தை என்ற கோணமும் உண்டு. பதினெட்டு பீஸுக்கு முப்பது வருஷம் என்பது யூடியூப் கணக்கு. உங்களுக்கு உண்மையிலேயே பக்கத்தில் நிற்பது இந்தப் பத்து வருஷம்தான்.

ராணுவத் தளவாட வரலாற்றைப் பார்த்தால், குண்டு வைத்தவனைவிடப் பொய் ரிப்போர்ட் எழுதியவனைப் பற்றித்தான் அரசாங்கங்கள் அதிகம் புலம்பியிருக்கின்றன. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒப்பந்தக்காரர்கள் விற்ற சீருடைகள் மழையில் நனைந்ததும் பிரிந்து போயின. அந்தக் கோபத்தில் 1863-இல் வந்த பொய் உரிமைகோரல் சட்டம் இன்றும் ராணுவ ஒப்பந்தக் கம்பெனிகளின் தலைமேல் தொங்குகிறது. உள்ளேயிருந்து துப்புக் கொடுத்து வழக்குப் போடுபவருக்கு, அரசாங்கம் மீட்கும் பணத்தில் 15 முதல் 30 சதவீதம் வரை பங்கு உண்டு. (இதை ரூம்மேட்டிடம் சொல்லாதீர்கள், நாளைக்கே கால்குலேட்டரை எடுத்துவிடுவார்.)

உங்கள் கதைக்கு இன்னும் நெருக்கமானது 1943-இல் நடந்தது. ஓஹையோ மாநிலம் லாக்லாண்டில் கர்ட்டிஸ்-ரைட் குழுமத்தின் விமான எஞ்சின் தொழிற்சாலை இருந்தது. செனட்டர் ட்ரூமன் தலைமையிலான விசாரணைக் குழு அங்கே போய்ப் பார்த்தபோது, டெஸ்ட் முடிவுகள் திருத்தப்பட்டிருந்தன, சோதனை அறிக்கைகள் பொய்யாக எழுதப்பட்டிருந்தன, குறையுள்ள எஞ்சின்கள் தேறிப் போயிருந்தன. தட்டிக் கேட்ட சோதகர்களை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். அங்கிருந்த ராணுவ அதிகாரிகள் சிலர் கடமை தவறியதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். போர் உச்சத்தில் இருந்த நேரம், எஞ்சின் எண்ணிக்கை காட்ட வேண்டிய அவசரம். உங்கள் சூப்பர்வைசர் சொல்கிற அதே "நேரம் இல்லை" தான்.

ஹார்ட்னஸ் என்ன பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடினம் கூடினால் நொறுங்கும், குறைந்தால் தேயும். ராக்வெல் மெஷினில் ஒரு பீஸுக்குச் சில நிமிஷம். அந்தச் சில நிமிஷத்தை மிச்சம் பிடித்து நீங்கள் விட்டுவைக்கிற தடயம் பெரிது. ஹீட் ட்ரீட்மென்ட் முடிந்து வந்த இரண்டு பேட்ச், கடைசிப் புள்ளி வரை ஒரே எண்களைத் தராது. ஆடிட்டருக்கு அது தெரியும். அவர் முதலில் தேடுவதே அச்சு அசலாகத் திரும்ப வரும் எண்களைத்தான். அவர் கண்டுபிடிக்கிற அன்று, கையெழுத்துப் போடச் சொன்னவர் "நான் டெஸ்ட் எடுக்கத்தான் சொன்னேன்" என்பார். காகிதத்தில் இருப்பது உங்கள் பெயர்.

அதனால் இனி ஒரு கையெழுத்துகூட வேண்டாம். சண்டையும் வேண்டாம். "சார், டெஸ்ட் எடுத்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன், மெஷினுக்கு அரை மணி நேரம் வேண்டும்" என்று வாட்ஸ்அப்பிலோ ஈமெயிலிலோ அனுப்புங்கள். வாயால் மட்டும் சொன்னால் சொல்லாத மாதிரிதான். அவர் என்ன பதில் போட்டாலும் அழிக்காதீர்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டுகளைத் திருத்தவோ கிழிக்கவோ போகாதீர்கள், அது இரண்டாவது குற்றம் ஆகிவிடும். ஆதாரம் சேர்க்கிறேன் என்று டிராயிங்கைப் போனில் படம் எடுப்பதும் கூடாது. ராணுவ வேலைக்கான டிராயிங் உங்கள் போனில் இருந்தால், இல்லாத கேள்வியெல்லாம் கிளம்பும். எந்தத் தேதி, எந்த பேட்ச், யார் சொன்னது என்று உங்கள் நினைவிலிருந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், போதும்.

பழைய பேட்ச்களைப் பற்றிக் கம்பெனியின் தரப் பொறுப்பாளரிடம் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பாகங்களை யாராவது மறுபடி சோதிக்க வேண்டும், மேலே பறக்கப் போவது ஒரு மனிதன். ஆனால் அதற்கு முன்னால் நேரில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். எந்த வரிசையில், எந்த வார்த்தையில் சொல்வது என்பது உங்கள் பாதுகாப்புக்கு முக்கியம். கையில் காசில்லை என்றால் புரோ போனோ எஸ்ஜி நடத்தும் இலவசச் சட்ட ஆலோசனைக்குப் பதிவு செய்யுங்கள். தமிழில் பேச ஆள் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சம்பளப் பிடித்தம் பற்றி: பொருள் சேதத்துக்காகப் பிடிக்க வேலைச் சட்டம் அனுமதிக்கிறது, மேனேஜர் நினைக்கிற மாதிரி இல்லை. உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் பிடிக்கலாம். பிடிப்பதும் ஒரு மாதச் சம்பளத்தில் 25 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, அதுவும் ஒரே ஒரு தடவை. மாதா மாதம் பிடித்தால், வேலைத் தகராறுகளைச் சமரசம் செய்துவைக்கும் டேடமுக்குப் போகலாம். கையெழுத்து மறுத்ததற்காக வேலையை விட்டு அனுப்பினால் கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் அங்கே புகார் பதிவாக வேண்டும். தேதி தவறினால் நான் எழுதியதெல்லாம் உதவாது. பாஸ்போர்ட் உங்களிடமே இருக்கட்டும். யார் கேட்டாலும் "பத்திரமாக வைக்க" என்று கொடுக்காதீர்கள்.

டிக்கெட் கேட்டீர்கள். இப்போது சொல்லாமல் கிளம்பினால் நோட்டீஸ் காலச் சம்பளத்தை நீங்கள்தான் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். பதினெட்டு பீஸை வேண்டுமென்றே கெடுத்துவிட்டு ஓடினான் என்று மேனேஜருக்கு ஒரு கதையும் கிடைத்துவிடும். தீபாவளிக்குப் போடுங்கள், முன்கூட்டியே போட்டால் திருச்சி விமானம் கொஞ்சம் மலிவு.